மலையகம் கோவிக்குமா?

கேள்வி: பலாலியில் விமானம் ஏறி, சென்னை வழியாகக் குடகுக்குக் கோப்பித் தோட்டம் பார்க்கப் போகிறோம். நமது மலையகம் கோவிக்குமா? (வாசகி, அச்சுவேலி)

பதில்: கோவிக்க அதற்கு உரிமை உண்டு. அதுவும் கோப்பி மலைதான்! 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்த பிறகே தேயிலை அங்கே ஆட்சிக்கு வந்தது.

குடகில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை கொட்டும், தவிருங்கள். மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்ததும் தோட்டம் முழுக்க வெள்ளையாய்ப் பூக்கும். அந்த வாசனை சில நாள்தான். ரயில் மைசூர் வரைதான், மிச்சம் கார். தலைக்காவிரியை விட்டுவிடாதீர்கள்.

ஒன்று சொல்லவேண்டும். நம் மலையில் கோப்பி பறிக்க, தமிழகத்திலிருந்து மன்னாரில் வந்திறங்கிக் காட்டுவழி நடந்து, வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களுக்காக மலையகத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.