ஒரு வீடு கட்டியவர்

குருவிநத்தத்தில் எந்தத் தெருவில் செங்கல் லோடு இறங்கினாலும், லாரிக்காரர் பின்கதவுக்குக் கொக்கி மாட்டுவதற்குள் அவர் வந்து நின்றுவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குவியலிலிருந்து இரண்டு கல்லை உருவி ஒன்றோடொன்று தட்டுவார். தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்பார். கணீரென்று வந்தால் உதட்டைப் பிதுக்குவார். மொத்தென்று வந்தால் முகம் மலர்ந்துவிடும். அடுத்து நகத்தால் கீறிப் பார்ப்பார். கடைசியாக இடுப்பு உயரத்திலிருந்து ஒரு கல்லைத் தரையில் போடுவார். நல்ல கல் உடையக் கூடாது. ஆனால் எந்த நல்ல கல்லும் கடைசியில் உடைந்துதான் போகும். உடையும்வரை அவர் போட்டுக்கொண்டே இருப்பார். உடைந்ததும் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரே வார்த்தை: "பாத்தியா?"

இன்ஜினியரா என்றால் இல்லை. மேஸ்திரியும் இல்லை. நெல்லும் கரும்பும் வைத்துப் பிழைக்கிற ஆள்தான். ஆனால் ஒரு வீடு கட்டியிருக்கிறார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது அவருடைய கூரை போன இடம் தெரியவில்லை. அரசு கொடுத்தது, கையிலிருந்தது, மனைவியின் கழுத்திலிருந்தது எல்லாவற்றையும் சேர்த்து ஆறரை சதுரத்தில் ஒரு கல்வீடு எழுப்பினார். வீடு கட்டி முடித்தவர்களில் இரண்டு ரகம் உண்டு. கிரகப்பிரவேசத்தன்று கடைசிப் பந்தி எழுந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பிறவியிலும் செங்கல்லைத் தொடுவதில்லை என்பவர்கள் ஒரு ரகம். கற்றது வீணாகக் கூடாதே என்று மறுநாள் காலையே அடுத்த தெருவுக்குக் கிளம்புகிறவர்கள் இன்னொரு ரகம்.

சட்டைப்பையில் டேப். காதில் பென்சில். வண்டிப் பெட்டியில் ரசமட்டமும் தூக்குக்குண்டும். பேச்சை எங்கே தொடங்கினாலும் "நான் கட்டும்போது" என்றுதான் தொடங்குவார். மாமியார் செத்ததற்குத் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, பந்தல்காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "நான் கட்டும்போது முட்டுக்கு எல்லாம் சவுக்குதான்" என்றவர்.

சாஸ்திரத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. வாஸ்து பகவான் ஆண்டுக்கு எட்டு நாள்தான் கண் விழிக்கிறார். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6 என்று அவர் ஒப்பிக்கத் தொடங்கினால் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிடலாம். விழித்திருப்பதும் மூன்றே முக்கால் நாழிகைதான். நம் கணக்கில் ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் விளக்கி, குளித்து, பூசை முடித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார். சாப்பாட்டுக்கும் தாம்பூலத்துக்கும் உரிய கடைசி 36 நிமிடத்தில் மனை கோலினால் நல்லது. எங்கள் தெரு மேஸ்திரிக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "பகவானாவது எட்டு நாள் எழுந்துக்கிறார் அண்ணே. எங்க எலக்ட்ரீஷியன் எப்ப எழுந்துப்பார்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

மனையடி சாஸ்திரம் இதைவிடக் கடினம். அறையின் உள்கூடு 16 அடி இருந்தால் செல்வம், 12 என்றால் இருப்பதும் கரையும், 9 என்றால் பீடை. போன வருஷம் எதிர்வீட்டுக் கூடத்தைப் பூச்சு வேலைக்குப் பிறகு அளந்து பார்த்தவர் டேப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அரை அங்குலம் இந்தச் சுவரில் பூச்சு, அரை அங்குலம் அந்தச் சுவரில். 16 அடிக் கூடம் 15 அடி 11 அங்குலம் ஆகியிருந்தது. பதினைந்தரைக்கும் மேலே, பதினாறுக்கும் கீழே நிற்கிற வீட்டுக்கு என்ன பலன் என்று எந்த நூலிலும் இல்லை. பூச்சைச் சுரண்டச் சொன்னார். வீட்டுக்காரரின் அம்மா அழத் தொடங்கிவிட்டார். மேஸ்திரி வந்து அதே டேப்பை வாங்கி, அதன் முனையில் கொக்கி வளைந்திருப்பதை நிமிர்த்தி, மறுபடி அளந்து காட்டினார். 16 அடி, ஒரு நூல் பிசகவில்லை. பூச்சுக்கென்று ஓர் அங்குலம் கூட்டி வைத்துத்தான் அவர் சுவரையே எழுப்பியிருந்தார்.

சொல்லப்போனால், பாதிக்கு மேல் அவர் பேசுவது சரியாகத்தான் இருக்கும். அதுதான் தாங்க முடியாதது. ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. லாரித் தொட்டியின் நீள அகல உயரத்தை அளந்து பார்த்துவிட்டு, "ஈர மணலை அளந்து வாங்காதே, ஊதிக் காட்டும்" என்பார். உண்மை. ஈரம் பட்ட மணல் கால்வாசிகூடப் பெருத்துத் தெரியும். காய்ந்தால் வாங்கினவன் தலையில் விழும். கான்கிரீட்டுக்கு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் விட்டால் வலு போய்விடும் என்பதும் உண்மை. கலவை இளகி ஓடினால் தள்ளுவது சுலபம் என்பதற்காகக் குடம் குடமாக ஊற்றுகிற இடத்தில், அதைத் தடுக்க ஒருவர் வேண்டும்தான். அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டினால் தவணை கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். படம் எடுத்தால் தண்ணீர் அளவு தெரியாது. ஆனால் அந்தப் படங்களில் எல்லாம் பயனாளிக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, மீசை வைத்த ஒருவர் நிற்பார். மேலே கோப்பைப் புரட்டுகிற அதிகாரி, இத்தனை வீடு வாங்கிய இந்த ஆள் யார் என்று ஒரு நாள் கேட்கத்தான் போகிறார்.

தளம் போடுகிற நாள் அவருக்குத் திருவிழா. வீட்டுக்காரருக்கு முன்னால் குளித்துவிட்டு வருவார். சென்ட்ரிங் பலகைமேல் கம்பி கட்டிக் கிடக்கும். அதன் அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று மண்டியிட்டுப் பார்ப்பார். இல்லாத இடத்தில் ஜல்லித் துண்டைச் சொருகுவார். சொருகும்போது ஏற்கெனவே இருந்த கவர் பிளாக்கைக் காலால் தட்டிவிடுவார். மிக்சர் உறுமத் தொடங்கும். சித்தாள்கள் வரிசையாகச் சட்டியை மாற்றிக் கொடுப்பார்கள். இவர் நடுவில் நின்று வழி மறிப்பார். "ஓரமா நில்லுங்கண்ணே" என்று பெண்கள் சிரித்தபடி சொன்னால், ஓரத்துக்குப் போய் மானத்தைப் பார்ப்பார். கிழக்கே, கடல் பக்கம், கைக்குட்டையளவு மேகம் இருந்தாலும் போதும். "ஒரு மணிக்கு ஊத்தப்போவுது" என்று வீட்டுக்காரரின் வயிற்றில் புளியைக் கரைப்பார்.

கலவையைப் போட்டு மட்டப்பலகை இழுத்ததும் அவருடைய முக்கிய வேலை வரும். தளம் ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இடுப்பிலிருந்து குறி போட்ட கம்பி ஒன்றை எடுத்து, ஈரக் கான்கிரீட்டில் நட்டு நட்டு எடுப்பார். நாலே முக்கால். ஐந்து. ஐந்தேகால். அங்கங்கே துளை. மேஸ்திரி பின்னாலேயே கரண்டியோடு வந்து ஒவ்வொரு துளையாகத் தேய்த்து அடைப்பார். பிறகு எப்போதாவது அந்தத் தளத்தில் கசிவு வந்தால் முதலில் கண்டுபிடிக்கிறவரும் இவர்தான். "அன்னிக்கே சொன்னேன்."

மதியம் பிரியாணி. அதில் அவர் குற்றம் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

2024க்குப் பிறகு அவருடைய மதிப்பு ஊரில் கூடிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. அதுவும் போதாதென்று டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை எல்லாம் தாண்டி வருகிற தென்பெண்ணை, எங்களைக் கேட்காமலேயே பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வந்து போனது. தண்ணீர் வடிந்ததும் ஊரே சேறு வழிக்க, அவர் மட்டும் பெயிண்டு டப்பாவோடு கிளம்பி, தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவர்களில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் சாத்தனூர் மட்டம். இப்போது யார் கடைக்கால் தோண்டினாலும் பேஸ்மட்டம் சாத்தனூர் மட்டத்துக்கு மேலே ஓரடி நிற்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

சட்டம் நல்லதுதான். ஒருவர் மூன்றடி ஏற்றினால் அடுத்தவர் மூன்றரை. அதற்கடுத்தவர் நாலு. ரோட்டையும் தோண்டாமல் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டு ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். அதற்குப் பயந்து இன்னும் அரையடி. ஒரு புது வீட்டில் எட்டுப் படி ஆகிவிட்டது. வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் வலி. கிரகப்பிரவேசத்தன்று மேலே ஏற்றிய பாட்டி இன்னும் கீழே இறங்கவில்லை என்று பேச்சு. வண்டி ஏற்றச் சரிவு வேண்டுமே? சரிவை மொட்டையாகக் கட்டினால் வண்டி ஏறாது, நீட்டிக் கட்டினால் தெருவில் பாதி போய்விடும். "எதிர்வீட்டுச் சரிவும் இதுவும் நடுவுல சேர்ற மாதிரி கட்டிட்டா என்னா?" என்று அவர் யோசனை சொன்னார். இரண்டு வீட்டுக்காரர்களும் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

மேஸ்திரிகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தால் மட்டும் கோல்கொண்டாவை எடுப்பார். புதுச்சேரியில் ஆசிரமத்துச் சாதகர்கள் தங்கக் கட்டிய கட்டடம் அது. 1937 வாக்கில் தொடங்கியது. இந்தியாவின் ஆரம்பகால நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் பேர் பெற்றது. வெயில் உள்ளே வராமல் காற்று மட்டும் வர, சன்னலுக்குப் பதிலாகச் சுவர் முழுக்கத் திருப்பி மூடுகிற பலகைகள். "அதைக் கட்டினது யாரு? சாமி கும்பிட வந்தவங்க! வேலை தெரிஞ்சவங்களா?" என்பார். சாதகர்கள் வேலை செய்தது நிஜம். ஆனால் வரைபடம் போட்டுக் கொடுத்தவர் அன்டோனின் ரேமண்ட். டோக்கியோவில் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலை பார்த்துத் தேறியவர். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஜார்ஜ் நாகஷிமா வந்து தங்கியிருந்தார். கதையில் இந்த இரண்டு பேரையும் அவர் இறக்கிவிட்டுவிடுவார். மேஸ்திரிக்கு ரேமண்டைத் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும். "அவங்க சாமி கும்பிட்டுட்டுக் கட்டினாங்க அண்ணே. நீங்க கட்டினப்ப நான்தான் சாமியைக் கும்பிட்டேன்."

அவர் கட்டிய வீட்டை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தெருமுனையில்தான் இருக்கிறது. முன்சுவருக்குப் பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்டு. பக்கச் சுவர்களுக்கு இன்றுவரை பூச்சே இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிற சுவருக்கு நாம் ஏன் செலவு செய்வது? மொட்டை மாடியில் நான்கு மூலையிலும் பில்லர் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மேல்மாடிக்கு விட்டது. துருப்பிடிக்காமலிருக்கச் சிமெண்டுப்பால் அடித்து, காலி பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். புதுச்சேரியில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. குளியலறையில் மட்டும் ஒரு சின்னக் குறை. தரையின் வாட்டம் சாக்கடைப் பக்கம் இல்லாமல் படுக்கையறைப் பக்கம் அமைந்துவிட்டது. குளித்துவிட்டு வருகிறவர் தண்ணீரை முந்திக்கொண்டு ஓடிப்போய்க் கட்டையால் தள்ள வேண்டும். அதைச் சரி செய்யத் தரையைப் பெயர்த்துப் பெயர்த்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தரை ஏறியது, வாட்டம் மாறவில்லை. இப்போது அங்கே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும்.

வேலை நடக்கிற இடத்திலிருந்து அவரைக் கிளப்ப மேஸ்திரிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "அண்ணே, பரிக்கல்பட்டுல தளம் போடறாங்களாம். நீங்க வராம கலவையை ஊத்த மாட்டேன்னு நிக்கிறாங்க." வண்டி பறக்கும். பரிக்கல்பட்டு மேஸ்திரி அரைமணி நேரம் பொறுப்பார். பிறகு சேலியமேட்டில் நிலை வைக்கிறார்கள் என்பது அவருக்கு நினைவு வரும். சேலியமேட்டுக்காரர் கரையாம்புத்தூருக்கு அனுப்புவார். புதுச்சேரியும் தமிழ்நாடும் இங்கே வரப்புக்கு வரப்பு பின்னிக் கிடப்பதால், ஒரே நாளில் இரண்டு அரசுகளின் மண்ணிலும் செங்கல் தட்டிவிட்டு, பொழுது சாயும்போது களைத்து வருவார். பெட்ரோல் அவர் காசு. "ஆளே கிடைக்கல, என்னைத்தான் தேடறாங்க."

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மாலை, மேஸ்திரியோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் போன் அடித்தது. கையில் டீ இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேஸ்திரி, நாளைக்கு எங்க தளம்?" ஒரு வீடு கட்டியவரின் வீட்டம்மா.

"நாளைக்கு எங்கயும் இல்லீங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை."

"இல்லைன்னா எப்படி? ஏதாவது ஒரு ஊர் சொல்லுங்க. மத்தியானத்திலேருந்து பாத்ரூம் தரையைப் பாத்துக்கினே உக்காந்திருக்காரு. கடப்பாரையை எடுத்துக் கழுவி வச்சிருக்காரு."

மேஸ்திரி டீயைக் கீழே வைத்தார். "கடலூர்னு சொல்லிடுங்க அண்ணி. மஞ்சக்குப்பம்."

"எந்தத் தெருன்னு கேப்பாரே?"

"தெரு பேரு மறந்துட்டேன்னு சொல்லுங்க. தேடட்டும்."