பார்த்துக்கலாம் அண்ணன்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் எந்தத் தொழிற்சாலையின் சர்வர் அறைக் கதவைத் திறந்தாலும் இவர் இருப்பார். குளிருக்குக் கம்பெனி ஜாக்கெட், நெற்றியில் காலையில் இட்ட திருநீற்றின் மிச்சம், பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பி ஓ. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பார்த்துக்கலாம், விடு." அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். அண்ணன் என்றால் போதும்.

இவருடைய அத்தைமார்கள் வேறு ரகம். 1972-இல் இங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்து, அதே ஆண்டு இன்டெல் முதலான கம்பெனிகள் வந்து இறங்கியபோது, மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டிவைத்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் இணைத்த பெண்கள் அவர்கள். கம்பி கொஞ்சம் விலகினாலும் சிப் குப்பைக்குப் போகும். அந்தக் குடும்பத்தில்தான் இப்படியும் ஒரு பிள்ளை.

அண்ணனின் ஆயுதம் ஆன்சிபிள். 2012-இல் மைக்கேல் டிஹான் என்பவர் வெளியிட்டு, 2015-இல் ரெட் ஹேட் கம்பெனி வாங்கிக்கொண்ட கருவி. செய்ய வேண்டியதையெல்லாம் 'பிளேபுக்' என்ற கோப்பில் வரிசையாக எழுதிவிட்டால், நூறு சர்வருக்குள் புகுந்து ஒவ்வொன்றிலும் அதைச் செய்துவிட்டு வரும். சரியாக இருந்தால் பச்சை எழுத்து, எதையாவது மாற்றியிருந்தால் மஞ்சள், கெட்டுப்போனால் சிவப்பு. (கௌசே என்ற விளையாட்டு மென்பொருளும் அந்தக் கணினியில் இருந்துவிட்டால், எழுத்துகளால் ஆன பசுமாடு ஒன்று தோன்றி ஒவ்வொரு வேலையின் பெயரையும் சொல்லும். மேலாளர் வரும் நாளில் மட்டும் அண்ணன் மாட்டை ஓட்டிவிடுவார்.) ஒரு சர்வரில் ஒரு வேலை கெட்டால், ஆன்சிபிள் அந்தச் சர்வரை அத்தோடு விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு மேலே போகும்.

அண்ணனுக்குச் சிவப்பு ஆகாது.

தொடக்கத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோப்பில் ஒரு சொல்லைத் தேடித்தரும் கிரெப் என்ற கட்டளை, சொல் கிடைக்காவிட்டால் 1 என்ற எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் வராததெல்லாம் ஆன்சிபிளுக்குத் தோல்வி. தேடினேன், இல்லை என்று உண்மையைச் சொன்ன கட்டளைக்குச் சிவப்பு முத்திரை! இதைப் பொறுக்காமல்தான் அண்ணன் முதன்முதலாக அந்த வரியை எழுதினார்: 'இக்னோர் எரர்ஸ்: ட்ரூ'. பிழையைக் கண்டுகொள்ளாதே. ஆன்சிபிளும் சிவப்பில் ஒரு முறை கத்திவிட்டு, சரி, கண்டுகொள்ளவில்லை என்று மேலே போனது. அன்று அண்ணன் அடைந்த நிம்மதியை வேறு எதிலும் அடைந்ததில்லை.

அதன்பின் அவர் கை சும்மா இருக்கவில்லை. டிஸ்க் நிறைந்து கெட்ட வேலைக்கும் அதே வரி. கடவுச்சொல் காலாவதியாகிக் கெட்ட வேலைக்கும் அதே வரி. அந்த ஒரு கத்தலும் காதில் விழக்கூடாது என்று தோன்றியபோது, 'ஃபெயில்ட் வென்: ஃபால்ஸ்' என்பதைக் கற்றுக்கொண்டார். எப்போது தோல்வி என்று ஆன்சிபிள் கேட்க, எப்போதும் இல்லை என்று இவர் சொல்கிறார். எல்லாம் பச்சை. வேலை கெட்டால் அடுத்து என்ன செய்வது என்று எழுதிவைக்க 'ரெஸ்க்யூ' என்று ஓர் இடம் உண்டு. விவரமானவர்கள் அங்கே பழைய கோப்பைத் திரும்ப வைக்கும் வழியை எழுதுவார்கள். அண்ணன் அங்கே ஒரு செய்தியை மட்டும் அச்சிடச் சொல்லியிருப்பார். என்ன செய்தி என்று சொல்லவும் வேண்டுமா?

ஓட்டம் முடிந்ததும் சர்வருக்கு ஒரு வரியாகக் கணக்கு வரும். 'ஃபெயில்ட்' பூஜ்யம். அதே வரியின் கடைக்கோடியில் 'இக்னோர்ட்' என்று ஒன்று, அதில் பதினேழு. மேலாளருக்குப் போகும் ஸ்க்ரீன்ஷாட் 'ஃபெயில்ட்' வரைக்கும்தான் இருக்கும். இந்த வெட்டுவேலையில் மட்டும் அத்தைமாரின் கை தெரியும்.

வீட்டிலும் இதே ஆள்தான். காரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா, அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். அந்தக் காரில்தான் பினாங்குப் பாலத்தின் பதின்மூன்றரைக் கிலோமீட்டரையும் பாட்டுப் போட்டுக்கொண்டு கடக்கிறார். மனைவி பக்கத்தில் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வருவது பக்தியால் மட்டுமல்ல.

பழைய டேட்டாபேஸை நிறுத்த மேலிடம் ஒரு நாள் குறித்தது. தைப்பூசம், பொது விடுமுறை, ஆபீசில் ஆள் இருக்காது. எல்லா சர்வரும் மூன்று மாதத்துக்கு முன்பே புதிய டேட்டாபேஸுக்கு மாறியாயிற்று. அண்ணனின் ஸ்க்ரீன்ஷாட்டே சாட்சி. அன்று அண்ணன் தண்ணீர்மலை அடிவாரத்துப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசி அடித்தது.

"அண்ணே, எட்டாவது சர்வர் படுத்துருச்சு."

"கோப்புல என்ன முகவரி இருக்கு, பாரு."

"புது முகவரிதான் இருக்கு. ஆனா பழசையே போய்த் தட்டுது."

"பார்த்துக்கலாம், விடு."

"விட்டாச்சுண்ணே. மேலாளர் பக்கத்துல நிக்கிறாரு."

வேட்டியோடு போய்ச் சேர்ந்தார். நாலு பேர் விடியும் வரை அந்தக் கோப்பையே பார்த்தார்கள். ஒரு புள்ளி பிசகில்லை. பிசகு மூன்று மாதப் பழசு. அன்று பிளேபுக் எட்டாவது சர்வரில் புதிய முகவரியை எழுதியது. மாற்றம் நடந்ததால், சேவையை ரீஸ்டார்ட் செய் என்று 'ஹேண்ட்லர்' என்ற, அழைத்தால் மட்டும் கடைசியில் ஓடும் வேலைக்குச் சொல்லியும் வைத்தது. நடுவில் சம்பந்தமில்லாத வேறொரு வேலை கெட்டது. சர்வர் ஓட்டத்திலிருந்து கழன்றது, ரீஸ்டார்ட் நடக்கவில்லை. அண்ணன் கெட்ட வேலைக்கடியில் 'ஃபெயில்ட் வென்: ஃபால்ஸ்' சேர்த்து மறுபடி ஓட்டினார். இம்முறை முகவரி ஏற்கெனவே சரியாக இருந்தது. மாற்ற ஒன்றுமில்லை; மாற்றம் இல்லையென்றால் ஹேண்ட்லருக்கு அழைப்பும் இல்லை. எல்லாம் பச்சை. கோப்பு புதிது, நினைவில் ஓடிக்கொண்டிருந்த சேவை பழையது. பழைய டேட்டாபேஸ் உயிரோடு இருந்தவரை இரண்டுக்கும் சண்டை வரவில்லை.

கண்டுபிடித்தது புதிதாகச் சேர்ந்த பெண். சேவை எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பார்த்தாள். கோப்பு மாறிய தேதிக்கு முந்தைய தேதி. ஒரு கட்டளையில் ரீஸ்டார்ட் செய்தாள். தீர்ந்தது. 'ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்' என்று ஒரு வரி போட்டிருந்தால், நடுவில் ஒரு வேலை கெட்டாலும் ஹேண்ட்லர் ஓடியிருக்கும் என்றும் சொன்னாள். நாலு பேரும் மாமாக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் பசியாறினார்கள். அண்ணன்தான் காசு கொடுத்தார்.

திங்கட்கிழமை அவரே எல்லாருக்கும் முன்னால் வந்து பிளேபுக்கைத் திருத்திவைத்திருந்தார். அவள் சொன்ன வரி பிடிக்கவில்லை போலும். மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசியில் எல்லா சர்வரிலும் சேவையை ரீஸ்டார்ட் செய்யும்படி தனியாக ஒரு வேலை. அந்தப் பெண் படித்துக்கொண்டே கீழே வந்தவள் நின்றாள்.

"அண்ணே, இதுக்குமா ஃபெயில்ட் வென்: ஃபால்ஸ்?"

"ஆமா தங்கச்சி. ரீஸ்டார்ட் ஆகலைன்னா சிவப்பா வருமில்ல?"