பிருடைப் படலம்: கிடார் பயில்வோரின் அபசுருதி பற்றி ஓர் ஆய்வு

கிடார் என்பது யாதோ எனின், ஆறு பிருடைகளும், அவற்றைத் திருகினால் என்ன ஆகும் என்று அறியக் கட்டிய ஆறு கம்பிகளும், ஆனதை அடுத்த வீட்டுக்குத் தெரிவிக்க ஒரு மரப்பெட்டியும் கொண்ட கருவியாம். பிருடைக்கு முதலிடம் தந்தது என்னை எனின், பயில்வோரின் பொழுது போகும் இடம் அதுவே ஆதலின் என்க. லூட் என்னும் பழைய ஐரோப்பியக் கம்பி வாத்தியத்தை வாசித்து எண்பது வயது வாழ்ந்த கலைஞர் அதில் அறுபது ஆண்டைச் சுருதி சேர்த்தே கழித்திருப்பார் என்று ஜெர்மானிய இசை எழுத்தாளர் யோஹான் மத்தேசோன் 1713-லேயே கேலி செய்தார். அந்த லூட்டில் இருபதை ஒட்டிய கம்பிகள். கிடாரில் ஆறே என்பதால் நம் மாணவருக்கு வட்டியில் தள்ளுபடி உண்டு, அசலில் இல்லை. ஆகவே பயில்வோர் முதலில் கற்கவேண்டிய வாத்தியம் பிருடை, கிடார் அதற்கு அடுத்தது என்பது நம் சித்தாந்தம்.

இதற்குச் சான்று பிருடையிலேயே இருக்கிறது. கம்பி கொஞ்சம் ஏறிவிட்டால், பயில்வோர் பின்னுக்கு ஒரு திருகு திருகி, சுரம் வந்ததும் விட்டுவிடுவர். உள்ளிருக்கும் பற்சக்கரத்தின் தொய்வை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பாட்டு முடிவதற்குள் கம்பி அந்தத் தொய்வையும் வாங்கிக்கொண்டு மேலும் இறங்கிவிடும். ஆதலின் வேண்டிய சுரத்துக்குக் கீழே இறக்கி, பிறகு ஏற்றி நிறுத்துக. திருகும்போது ‘டிங்’ என்று ஓர் ஒலி எழுந்து சுருதி தாவினால், கழுத்தின் தலைப்பில் கம்பியைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் சிக்கிய கம்பி விடுபட்டது என்று பொருள். அங்கே பென்சில் முனையைத் தேய்த்தால் கம்பி வழுக்கும். புதுக் கம்பியின் விறைப்பு புது மாப்பிள்ளையின் விறைப்பு, அதை நம்பலாகாது. கையால் மெல்ல இழுத்து, சுருதி சேர்த்து, இறங்காமல் நிற்கும்வரை மீண்டும் இழுக்கவேண்டும்.

கைப்பேசியில் டியூனர் இருக்க இவ்வளவு பாடு எதற்கு என்பார் உளர். அவர் காட்டும் பச்சை விளக்கு விரல் வைக்காத கம்பிக்கு மட்டுமே சான்று. பயந்த விரல் நகம் வெளுக்க அழுத்தும். அழுத்தினால் இழுவிசை கூடும், இழுவிசை கூடினால் சுருதி ஏறும். இழுவிசைக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கை பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் எழுதிவைத்தார். மெட்டுக்குச் சற்றுப் பின்னே, கம்பி இரையாத அளவுக்கு அழுத்தினால் போதும். மேலும், விளக்கு கண்ணுக்கு; காதுக்கு அலை. 110 ஹெர்ட்ஸ் கம்பியோடு 112 ஹெர்ட்ஸ் கம்பியை மீட்டினால் நொடிக்கு இருமுறை ஒலி ஏறி இறங்கும். அந்த அலை மெதுவாகி அடங்கினால் சுருதி சேர்ந்தது. தடித்த கம்பியின் ஐந்தாம் மெட்டை அடுத்த கம்பியோடு ஒப்பிட்டுக்கொண்டே இறங்கலாம். மெல்லியதிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம் கம்பிக்கு மட்டும் நான்காம் மெட்டு. அதை மறந்தவரின் இரண்டாம் கம்பி அரைச்சுரம் ஏறி நிற்கும். அதை நம்பி முதல் கம்பியும் கெடும்.

இத்தனையும் செய்தபின் ஈ மேஜர் கார்டு உறுத்துகிறதே, அதற்கு என்ன விடை எனின், அங்கே பிருடை குற்றமற்றது. பன்னிரண்டு சமபங்காக மெட்டு வைத்த வாத்தியத்தில் அந்தரக் காந்தாரம் இயற்கை நிலையைவிட ஏறத்தாழ 14 சென்ட் மேலே நிற்கும். இது மனைக்கணக்குச் சென்ட் அன்று. அரைச்சுரத்தை நூறாகப் பிரித்த சென்ட். ஈ மேஜர் இனிக்கட்டும் என்று அந்தக் காந்தாரம் ஒலிக்கும் மூன்றாம் கம்பியை இறக்கினால், அடுத்து வரும் சி மேஜரில் அதே கம்பி அழும். கலிலியோவின் தந்தை வின்சென்சோ, லூட்டின் மெட்டுகளை 18:17 என்ற விகிதத்தில் வைக்கலாம் என்று 1581-இல் எழுதியதும் இந்தச் சமரசத்தின் பொருட்டே. எந்தக் கார்டும் முழுதாய் இனிக்காது, எதுவும் முழுதாய்க் கசக்காது என்பதே அதன் உடன்படிக்கை. ஆகவே கார்டை வைத்துச் சுருதி சேர்க்கற்க. கம்பி கம்பியாகச் சேர்க்க. அதன் பின்னும் ஏதோ உறுத்துகிறது என்பவருக்கு 14 சென்ட் கேட்கத் தொடங்கிவிட்டது. அவரைக் கிடாருக்கு அனுப்பலாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுந்து போகிறவரை மறுபடி பிருடையிடம் உட்காரவைக்க.