நோட்டீஸ் பீரியட் நோவுகள்

பழைய ஆபீஸை விட்டுக் கிளம்ப அழுகை வருகிறது. புது ஆபீஸை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. என்ன செய்ய? (வாசகி, ஓசூர்)

அழுகை மேனேஜருக்காக என்றால் டாக்டரைப் பாருங்கள். நாலு மணி டீக்குக் கூட வந்தவர்களுக்காக என்றால் நியாயம்தான். லேப்டாப்பை ஒப்படைக்குமுன் அவர்கள் செல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். புது ஆபீஸில் முதல் வேலையாகக் கேன்டீனும் கழிப்பறையும் எங்கே என்று விசாரியுங்கள். கலக்குகிற வயிறு என்றால், இரண்டாவதை முதலில்.

இருபது வருஷம் இருந்த இடத்தை விட்டுப் போய் உருப்பட்டவர் உண்டா? (வாசகர், நெய்வேலி)

ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-ல் நண்பர்களோடு தொடங்கிய 'தி இந்து'வை 1898-ல் விட்டார். சொந்தப் பத்திரிகையையே! பிறகு 'சுதேசமித்திர'னில் முழுமூச்சாக இறங்கினார். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞர், அவரிடம் உதவியாசிரியராகச் சேர்ந்தார். பெயர் பாரதி. அவருக்கும் நடுக்கம் இருந்ததா? தலைப்பாகைக்குள் யார் பார்த்தது?

பழைய கம்பெனியிலிருந்து கண்ணீரைத் தவிர வேறெதுவும் கொண்டுபோக முடியாதா? (வாசகர், திருப்பூர்)

பி.எஃப். இருக்கிறதே! யு.ஏ.என். எண் மாறாது; பணத்தை உருவாமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருஷம் நிறைய ஆறு மாதம்தான் பாக்கியா? அழுகையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். கிராஜுவிட்டியோடு சேர்த்து அழலாம்.