வந்தாரை வெல்லவைக்கும் சேப்பாக்கம்

விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்கிற தமிழர் பண்பாட்டை இன்றைக்குக் கட்டிக் காப்பது யார் என்று கேட்டால், யோசிக்காமல் சென்னை சூப்பர் கிங்ஸ் என்று சொல்வேன். இந்தப் பக்குவம் வர அணிக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது என்பது வாஸ்தவம்தான். இளமைத் துடிப்பில் 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து ஐபிஎல் கோப்பைகளைத் தானே எடுத்து வைத்துக்கொண்டது. அந்த நாட்களில் சேப்பாக்கத்துக்கு வந்த அணிகள் பட்ட பாடு பரிதாபம். பெங்களூர்க்காரர்கள் 2008-ல் ஒரு தடவை அங்கே ஜெயித்ததோடு சரி. டெல்லிக்காரர்களுக்கு 2010-க்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. ஹைதராபாத் சன்ரைசர்ஸுக்கோ ஒரு தடவைகூடக் கிடையாது.

சிவகாசியை ஒட்டிய எங்கள் நாரணாபுரம் பக்கம் வீட்டில் விசேஷம் என்றால் பந்தல்காரனுக்குச் சொல்வதற்கு முன்பே மொய் நோட்டைத் தூசி தட்டி எடுப்பார்கள். யார் நமக்கு எவ்வளவு செய்தார், நாம் யாருக்கு இன்னும் திருப்பிச் செய்யவில்லை என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். பாக்கி நிற்பது குடும்பத்துக்கே இழுக்கு. சூப்பர் கிங்ஸ் 2025-ல் அந்த நோட்டைப் புரட்டிவிட்டது. மார்ச் 28 அன்று பெங்களூருக்கு 50 ரன் வித்தியாசத்தில் வெற்றியைக் கொடுத்தது. பதினேழு வருஷத்துப் பாக்கி பைசல். ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு. அது பதினைந்து வருஷத்துப் பாக்கி. ஏப்ரல் 11 கொல்கத்தா, ஏப்ரல் 25 ஹைதராபாத், ஏப்ரல் 30 பஞ்சாப். சொந்த மைதானத்தில் வரிசையாக ஐந்து ஆட்டம், ஐந்து செய்முறை. மும்பைக்காரர்களை மட்டும் முதல் ஆட்டத்தில் தோற்கடித்து அனுப்பினார்கள். அது பங்காளி விவகாரம், நாம் தலையிட முடியாது.

கொடுத்ததிலும் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு விதமான கவனிப்பு இருந்தது. கொல்கத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் இருபது ஓவர் முழுக்க நின்று, ஒன்பது விக்கெட்டைக் கொடுத்து, 103 ரன் மட்டும் சேர்த்தார்கள். கொல்கத்தாக்காரர்கள் 10.1 ஓவரில் முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள் நேரத்தோடு சாப்பிட்டுத் தூங்கட்டும் என்கிற அக்கறை வேறு எந்த வீட்டில் உண்டு? பார்க்க வந்த கூட்டத்துக்கும் லாபம்தான். கடைசி ரயிலை விடாமல் பிடித்திருப்பார்கள். சிவகாசியில் பொதிகை ரயில் ஏறி, விடியக் கருக்கலில் சென்னையில் இறங்கி, பகல் முழுக்கத் திரிந்து, குறைந்தபட்ச டிக்கெட்டே 1,700 ரூபாய் என்று வாங்கி உட்கார்ந்த எங்கள் ஊர்ப் பையனுக்குப் பாதி நேரத்தில் முழு ஆட்டம் கிடைத்தது. மூன்று நான்கு நாள் கூலியை ஒரே இடத்தில் கொட்டுகிறவனுக்கு நேரமாவது மிச்சமாக வேண்டாமா?

டெல்லி ஆட்டத்தில் கண்டது சிக்கனம். 184 ரன் எடுத்தால் வெற்றி. இருபது ஓவர் முடிந்தபோது 158 ரன், ஐந்து விக்கெட் கையிருப்பு. தோற்றது 25 ரன்னில். ஆனால் ஐந்து ஆட்களை ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சியை எண்ணி அடுக்கி வளர்ந்த ஊர் எங்களுடையது. கையிருப்பின் அருமை எங்களுக்குத் தெரியும். அடுத்த ஆட்டத்துக்கு அந்த ஐந்து விக்கெட்டையும் எடுத்துப் போக விதி இடம் தரவில்லை என்றால் அது கிரிக்கெட் வாரியத்தின் குற்றம்.

பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பதையும் இங்கேதான் படிக்க வேண்டும். பெங்களூருக்கு எதிராக அணி ஆட்டம் கண்டுகொண்டிருந்தபோது மகேந்திர சிங் தோனியை ஒன்பதாவது ஆளாக அனுப்பினார்கள். அவருக்கு முன்னால் அஸ்வின் போனார். ஆபத்து இருக்கும் நேரத்தில் நாற்பத்து மூன்று வயதுக்காரரை யார் முன்னே தள்ளுவார்கள்? எல்லாம் கைமீறிப் போய், இனிப் பயம் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு அவர் நிதானமாக வந்து பதினாறு பந்தில் 30 ரன் அடித்தார். சிக்ஸர் பறந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து டிவியைக் கும்பிட்டார். தோற்றோம் என்ற ஞாபகமே யாருக்கும் இல்லை. முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃப்ளெமிங் இரண்டு நாளில் விளக்கம் சொன்னார். இருபது ஓவரும் குனிந்து நிமிர்ந்து விக்கெட் கீப்பிங் செய்வதற்கு முழங்கால் தேவைப்படாது போலிருக்கிறது.

அந்த வருஷம் அவரை நான்கு கோடிக்கு, இந்திய அணிக்கு ஆடாத புதுமுகங்களின் கணக்கில் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷமானால் புதுமுகமாம். விதியே அப்படி வந்திருந்தது. 2007-லும் 2011-லும் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் புதுமுகம். வளரும் இளைஞருக்கு வாய்ப்புத் தருவதில் இதைவிடப் பெருந்தன்மை உண்டா? சிவகாசி அச்சாபீஸ்களில் ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும். அமாவாசை, கிருத்திகை, ராகு காலம், எமகண்டம் எல்லாம் முன்கூட்டியே அச்சடித்துத் தருவோம். அவர் ஓய்வு பெறும் தேதி மட்டும் இதுவரை எந்த அச்சாபீஸுக்கும் புரூஃபுக்கு வரவில்லை.

ரசிகர்களை விட்டுவிட்டுப் பேசினால் பாவம். ஆடிக்கொண்டிருக்கும் நம் ஆள் அவுட்டானால் கைதட்டும் கூட்டம் உலகத்தில் வேறு எந்த அணிக்கு வாய்த்திருக்கிறது? உள்ளே இருப்பவன் போனால்தானே தலைவர் வருவார்! எங்கள் தெரு டீக்கடையில் ஒரு பையன் பயர் ஆபீஸில் பட்டாசு வேலை முடிந்து, கையில் ஒட்டிய அலுமினியப் பவுடரைக்கூடச் சரியாகக் கழுவாமல், மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவான். பனியன் முதுகில் ஏழாம் நம்பர். அதிலும் வெள்ளி மினுங்கும். மடியில் ஒரு ஆயிரம் வாலா சரம். ஜெயித்ததும் கொளுத்த வேண்டுமாம். ஏப்ரல் 30 அன்று சாம் கரன் 88 அடித்துவிட்டார் என்று சரத்தின் பேப்பரைப் பிரித்தே விட்டான். அப்புறம் சாஹல் ஒரே ஓவரில் ஹாட்ரிக் எடுத்தார். கடைக்கார அண்ணாச்சி சொன்னார்: “அதை உள்ள வைய்யிடா தம்பி. தீவாளிக்கு ஆகும்.”

அண்ணாச்சிக்கு விவரம் போதாது. வெடிச்சத்தம் இல்லை, புகை இல்லை, தெருவில் குப்பை இல்லை. பசுமைப் பட்டாசு என்று 2018-லிருந்து நீதிமன்றம் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு ஐபிஎல் அணி வேறு வழியில் செய்து காட்டியிருக்கிறது. சீசன் முடிவில் பதினான்கில் நான்கு வெற்றி, பத்து அணிகளில் பத்தாம் இடம். அணியின் சரித்திரத்தில் கடைசி இடம் அதுவே முதல் முறை.

இத்தனை அடக்கம் கொண்டவர்களைப் பார்த்துத்தான், தமிழ்நாட்டு ஆட்கள் இல்லாத அணி என்று 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் ஒரு பாமக உறுப்பினர் குரல் கொடுத்தார். தடை செய்ய வேண்டும் என்றுகூடக் கேட்டார். என்ன அவசரம்! அதற்கு அடுத்த மாதமே அகமதாபாத் இறுதிப் போட்டியில் இரண்டு அணியையும் சேர்த்து அதிக ரன் எடுத்தது சென்னைப் பையன்தானே. 47 பந்தில் 96 அடித்த சாய் சுதர்சன், குஜராத்துக்கு ஆடினார் என்பது சின்ன விவரம். அடுத்த வருஷம் அதே மைதானத்தில் நம் அணிக்கு எதிராகவே சதம் அடித்தார். 2025-ல் 759 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பியும் வாங்கினார். அவரை இங்கேயே வைத்துக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளைக்கு யாரை அடித்துப் பேர் வாங்குவது என்று தெரியாமல் போயிருக்கும்.

சாய் கிஷோரை 2020, 2021 இரண்டு சீசன் அணியில் வைத்திருந்து, ஒரு ஆட்டத்தில்கூட இறக்காமல், கசங்காமல் குஜராத்துக்கு அனுப்பினார்கள். ஜெகதீசனை ஐந்து வருஷம் பெரும்பாலும் பெஞ்சில் உட்காரவைத்து நன்றாக ஓய்வு கொடுத்து, 2022 நவம்பர் நடுவில் விடுவித்தார்கள். ஓய்வு வீண்போகவில்லை. ஒரு வாரத்துக்குள் விஜய் ஹசாரே போட்டியில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்தார்; ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அதற்கு முன் உலகத்தில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. 2018-ல் மதுரை பேந்தர்ஸ் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையை வாங்கியபோது அந்த அணியில் பந்து போட்ட வருண் சக்கரவர்த்தி, கொல்கத்தாக்காரராகச் சேப்பாக்கத்துக்கு வந்து, அந்த 103 ரன் ஆட்டத்தில் இரண்டு விக்கெட் எடுத்துப் போனார். 2011 இறுதிப் போட்டியில் இதே சேப்பாக்கத்தில் முரளி விஜய் 95 அடிக்க, அஸ்வின் கெய்லை ரன் எடுக்காமல் அனுப்ப, கோப்பை நமக்கு வந்தது. நம் ஆட்களை நம்பியே ஜெயிப்பது எவ்வளவு குறுகிய மனப்பான்மை என்பதைப் பின்னால் உணர்ந்துகொண்டார்கள். 2025 டிசம்பர் ஏலத்தில் உத்தரப் பிரதேசத்துப் பையன் ஒருவருக்கும் ராஜஸ்தான் பையன் ஒருவருக்கும் தலா 14.20 கோடி கொடுத்ததைப் பார்த்தால் மனம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியும்.

கிரிக்கெட்டில் இப்படி என்றால் கபடியில் கேட்கவே வேண்டாம். கபடி நம் மாநில விளையாட்டு. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கி வந்த விளையாட்டு. கோயில் கொடைக்கு மைக் செட்டு கட்டி, டியூப் லைட் வெளிச்சத்தில் விடிய விடிய ஆடுகிற கரிசல் மண்ணில் தமிழ் தலைவாஸுக்கு ரசிகனாக இருப்பது தனி சுகம். 2017-ல் புரோ கபடிக்குள் வந்தார்கள். அந்த வருஷம் தங்கள் பிரிவில் கடைசி. 2018-லும் கடைசி. 2019-ல் பிரிவுகளை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு அணிகளையும் ஒரே பட்டியலில் போட்டார்கள், அதிலும் கடைசி. பட்டியலின் அமைப்பே மாறியும் தன் இடத்தை விடாத உறுதியை வேறு அணிகளிடம் எதிர்பார்க்க முடியாது. அதுவும் அந்த 2019 அணியில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் என்று கபடியின் பெரிய தலைகள் ஒன்றாக இருந்தார்கள். அவ்வளவு பேரை வைத்துக்கொண்டு கடைசியில் வருவது சாமானிய வேலையா?

2022-ல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டது. சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். பெரிய பெயர் இல்லாத பையன்கள் ஆடினார்கள், அணி முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. இதிலிருந்து நிர்வாகம் உடனே பாடம் கற்றது. 2024-ல் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு வாங்கி ஒன்பதாம் இடத்துக்கு வந்தது. 2025-ல் பவனையே திரும்ப அழைத்து வந்து, தொடர் நடுவில் ஒழுங்கு நடவடிக்கை என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் கேப்டனாக இருந்து 2016-ல் பாட்னாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2024-ல் தலைவாஸுக்குப் பயிற்சியாளராக வந்தார். அந்தப் பழைய பழக்கம் இங்கே அவரைத் தொற்றாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கால்பந்தைப் பற்றி நீட்ட வேண்டாம். சென்னையின் அணி 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் சாம்பியன். அதற்கு அடுத்த சீசனிலேயே கடைசி இடம். ஒரு மூச்சில் உச்சியும் அடியும் பார்த்த அனுபவம். அதன் உரிமையாளர்களில் தோனியும் ஒருவர் என்று கேள்விப்பட்டதும் எங்கள் டீக்கடையில் கால்பந்துக்கும் மரியாதை கூடிற்று. திரும்பக் கிரிக்கெட்டுக்கே வந்தால், ரஞ்சிக் கோப்பையைத் தமிழ்நாடு 1955-லும் 1988-லும் வாங்கியிருக்கிறது. சமீபத்தில் பழகிக்கொண்ட விதர்பா மூன்று வாங்கிவிட்டது. அவர்களுக்கு எல்லாவற்றிலும் பதற்றம்.

மேலே சொன்ன எல்லா அணிகளும் சென்னைக்காரர்களின் சொத்து, எங்களுக்கென்று பக்கத்தில் ஏதாவது வேண்டுமே என்றுதான் 2016-ல் டிஎன்பிஎல் வந்தது. தூத்துக்குடிக்கு ஓர் அணி கிடைத்தது. முதல் வருஷமே டூட்டி பேட்ரியாட்ஸ் கோப்பை வாங்கியது. தெற்கத்தி ஆட்கள் தலைகால் புரியாமல் ஆடினோம். அந்த அணிதான் இன்றைக்கு சேலம் ஸ்பார்ட்டன்ஸ். காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆயிற்று. 2025-ல் கோப்பையும் வாங்கியது, காரைக்குடியில் யார் இனிப்புக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. காஞ்சி வீரன்ஸ் இப்போது நெல்லையில் குடியிருக்கிறது. வாடகை வீட்டுக்காரர்கூட ஒரு மாசம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் காலி செய்வார். இவர்களுக்கு அந்தச் சம்பிரதாயம் தேவையில்லை. ரசிகன் இருக்கிற ஊரில் இருப்பான், அணிதானே நகர வேண்டும்.

இத்தனையிலும் எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு ஓர் அணி தராத புண்ணியவான்களை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். கொடுத்திருந்தால் இந்நேரம் ஈரோட்டுக்குப் போயிருக்கும். கொடுக்காததால் யாரும் எடுத்துப் போக முடியவில்லை. ஏலத்தில் எங்கள் பையனை விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட வழியில்லை. பட்டியலில் கடைசி என்று யாரும் கிண்டல் செய்ய முடியாது. 2016 முதல் இன்றுவரை விருதுநகர் ஒரே ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. இந்தப் பெருமையில் இராமநாதபுரத்துக்கும் சம பங்கு உண்டு.