தோல் டாக்டரிடம் கடைசியாகப் போவது எப்படி?

உடம்பில் எங்கோ ஒரு திட்டு வந்திருக்கிறது. படையாக இருக்கலாம், தடிப்பாக இருக்கலாம், நேற்றுவரை இல்லாத மச்சமாகவும் இருக்கலாம். பதற வேண்டாம். எங்கள் ஊரில் பேருந்து நிலையத்திலிருந்து தோல் டாக்டரின் கிளினிக்குக்கு நடந்தால் பத்து நிமிடம். நான் போய்ச் சேர ஏழு மாதம் ஆயிற்று. கீழே சொல்வதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் நீங்களும் அந்தச் சாதனையை எட்டலாம்.

முதலில் அதை யாரிடமாவது காட்ட வேண்டும். டாக்டரைத் தவிர யாராக இருந்தாலும் சரி. என் இடது முழங்கைக்குக் கீழே ரூபாய் நாணயம் அகலத்தில் வட்டமாகச் சிவந்து அரித்தது. மாடி வீட்டு அக்கா பார்த்ததும் "சூடு தம்பி, இளநி குடிங்க" என்றார். மாமியார், எட்டுக்கால் பூச்சி ஏறியிருக்கும் என்று சொல்லி வேப்பிலையும் மஞ்சளும் அரைக்கப் போய்விட்டார். எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடம் படிக்கும் சித்தப்பா பேரனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "ஸ்கின் ராஷ் மாமா" என்று பதில் வந்தது. அந்த அளவுக்கு எனக்கே தெரிந்திருந்தது.

அடுத்தது மருந்துக்கடை. இதுதான் இந்தக் கையேட்டின் உயிர்நாடி, அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். மாலை ஏழு மணி, கூட்டமான நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். கடைக்காரர் ஒரு கையால் இன்னொருவருக்கு மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே என் கையைப் பார்த்தார். பார்த்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ஒரு களிம்பு ட்யூபை நீட்டினார். "காலையில நைட்டு தடவுங்க சார், ரெண்டு நாள்ல போயிடும்."

போய்விட்டது! இரண்டே நாளில் அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை. அந்தக் கடைக்காரரை வீட்டில் தெய்வமாகப் பேசினோம். பத்து நாள் கழித்து வட்டம் தம்பியோடு திரும்பி வந்தது. மறுபடி ட்யூப். மூன்றாம் ட்யூப் முடிவதற்குள் முழங்கையில் தொடங்கிய வட்டம் தொடைக்கு இடம்பெயர்ந்து, வீட்டிலும் ஒருவருக்குப் பங்கு கொடுத்திருந்தது.

அந்த ட்யூபின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தது பிறகுதான். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, இன்னும் எதற்கோ ஒன்று, இவற்றோடு குளோபெட்டசால். எது பட்டாலும் சரி என்று இருட்டில் கல்லெறிவது மாதிரியான சேர்க்கை. குளோபெட்டசால், பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே வீரியம் அதிகமான வகை. தோலின் எதிர்ப்பை அது அடக்கிவிடுவதால் அரிப்பும் சிவப்பும் மறைகின்றன. காவல்காரனைத் தூங்கவைத்த வீட்டில் பூஞ்சை நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறது. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. சட்டம் பட்டியலில் இருக்கிறது, ட்யூப் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முகம் வெளுக்கவென்று இதே ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, வெயிலில் நின்றாலே எரிகிற நிலைக்கு வந்த பெண்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

இன்னும் தாமதிக்க விரும்புகிறவர்களுக்கு நம் மரபில் வசதிகள் ஏராளம். மருவுக்குக் குதிரை முடி கட்டலாம். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போடலாம், குளத்தில் வெல்லம் கரைக்கலாம். சாமியோடு எனக்குச் சண்டை இல்லை. வேண்டுதலுக்குக் கெடு கிடையாது. ஆனால் அக்கிக்குக் கெடு உண்டு. இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கமாக மட்டும் வலியோடு கொப்புளம் வரிசை கட்டினால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண் குழைத்து எழுதிக்கொள்வது வழக்கம். எங்கள் தாத்தாவுக்கும் எழுதினார்கள். குளிர்ச்சியாக இருந்ததாம். அக்கிக்குக் காரணம் சின்ன வயதில் வந்துபோன அதே சின்னம்மை வைரஸ். அதற்கான மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். மூன்று நாள் எழுதிவிட்டுப் போனால் கெடு அங்கேயே கழிந்துவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் கையேட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, எல்லாம் செய்தாயிற்று, கிளினிக்கைத் தேடலாம் என்கிறீர்களா? அங்கேயும் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. பெயர்ப்பலகை. "தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவர்" என்று எழுதியிருக்கும். நம் நாட்டில் அந்த எம்.டி. பட்டமே மூன்றையும் சேர்த்ததுதான், டி.வி.எல். என்று சுருக்கிப் போடுவார்கள். படர்தாமரைக்கு வந்தவர் நடு வார்த்தையைப் படித்துவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார். நான் போன அன்று ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடிப்படி ஏறி, டோக்கன் வாங்கி, உட்காரும்வரை அப்படியே இருந்தார். நான் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டே ஏறினேன். வித்தியாசம் பெரிதாக இல்லை.

வெட்கப்படுகிறவர்களுக்காகவே எதிர்ச் சாரியில் ஏ.சி. போட்ட "ஸ்கின் அண்டு ஹேர்" கடை திறந்திருக்கும். கோட்டு போட்ட பெண் தண்ணீர் கொடுத்து, பேக்கேஜ் அட்டையை நீட்டுவார். என் கைத்திட்டைக் காட்டினேன். அவர் என் தலையைப் பார்த்தார். உள்ளே இருப்பவர் தோல் மருத்துவம் படித்தவரா, சில வாரப் பயிற்சிச் சான்றிதழ் மாட்டியவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். அல்லது தோல் பிரிவில் டி.என்.பி. இருக்க வேண்டும், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு தனியாகவே இருக்கிறது. கூட்டம் இருக்கும், கட்டணம் இருக்காது.

கடைசியில் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? மழுங்கிய பிளேடால் திட்டின் விளிம்பைச் சுரண்டினார். விழுந்த பொடியைக் கண்ணாடித் தகட்டில் வாங்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "வந்து பாருங்க." நூல் நூலாகக் கிளைவிட்டுக் கிடந்தது என் ஏழு மாதத்து விருந்தாளி. சுரண்டியதிலிருந்து பார்த்தது வரை கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

எனக்கு முன்னால் இருந்த பெரியவருக்கு முதுகில் வெளிறிய தேமல். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டு, "தொடுறது தெரியுதா?" என்று கேட்டார். திட்டுக்கு வெளியே தெரிந்தது, திட்டுக்குள் தெரியவில்லை. முழங்கையில் நரம்பைத் தடவிப் பார்த்தார். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணம். பெரியவர் அந்தத் தேமலை எத்தனை வருடம் பவுடர் போட்டு மறைத்தாரோ.

மச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோணலாக வளர்ந்தால், ஓரம் பிசிறினால், நிறம் கலந்தால், 6 மில்லிமீட்டரைத் தாண்டினால், முக்கியமாக மாறிக்கொண்டே இருந்தால் காட்டிவிட வேண்டும். கறுத்த தோல்காரர்களான நமக்கு, மச்சம்போல் தோன்றும் தோல் புற்றுநோய் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் ஒளிந்துகொள்ளும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்துக்கு அடியில் வந்தது. கால்பந்துக் காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981இல் 36 வயதில் போய்விட்டார். ஆகவே காலைக் காட்டப் போகும் நாளில் நகப்பூச்சும் மருதாணியும் வேண்டாம்.

எனக்குப் பல வாரம் மாத்திரை, வீட்டில் எல்லோருக்கும் தனித்தனித் துண்டு. நீங்கள் போகும்போது அன்று எதையும் தடவாமல் போங்கள். அந்த ட்யூபை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும்.