கையைத் திருப்பிக் கொடுங்க அண்ணே

கும்பிட்டுத் தப்பிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கும்பிட்ட இரண்டு கையையும் சேர்த்தே பிடித்துக்கொள்வார் அண்ணன். அபர்தீன் பஜார் மணிக்கூண்டிலிருந்து மோகன்புரா பேருந்து நிலையம் வரை எந்த நேரத்தில் நடந்தாலும் இவர் ஒருவர் எதிரில் வருவார். ஊர்ப் பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். அண்ணனின் பிடி மட்டும் இன்னும் பழைய போர்ட் பிளேர் பிடிதான்.

முதலில் குலுக்குவார். குலுக்கி முடித்ததும் விட்டுவிடுவார் என்பது மெயின்லேண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்களின் நம்பிக்கை. விடமாட்டார். இடது கை வந்து மேலே மூடும். கொஞ்ச நேரத்தில் நம் விரல் இடுக்குகளில் அவர் விரல்கள் குடியேறிவிடும். பேச்சு சூடு பிடித்தால் ஓர் அழுத்து. யார் பெயராவது ஞாபகம் வராவிட்டால் நம் கைக்கடிகாரத்தை மணிக்கட்டோடு ஒரு சுற்று சுற்றுவார். பெயர் வந்ததும் எதிர்த்திசையில் ஒரு சுற்று. கப்பல் டிக்கெட் கிடைக்காத கதை என்றால் சுண்டு விரலில் தொடங்கி வரிசையாகச் சொடக்கெடுப்பார். கட்டை விரலுக்கு வருவதற்குள், எந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தக் கவுன்டரை மூடியிருப்பார்கள். நடுவில் வைத்தியமும் உண்டு. “நகம் ஏன் தம்பி இப்படி வெளுத்திருக்கு? ஒடம்புல ரத்தமே இல்லையா? ஈரல் வாங்கிச் சாப்பிடு.”

வருஷத்தில் ஏழெட்டு மாதம் மழை, மிச்ச நாளெல்லாம் புழுக்கம் என்று இருக்கிற ஊர் இது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஊறுகிற வியர்வை சீக்கிரமே பொதுச் சொத்தாகிவிடும். தும்மிப் பார்த்தால், “நூறாயுசு” என்று வாழ்த்திவிட்டு இன்னும் இறுக்குவார். போன் மணியடித்தால் என் சட்டைப் பையிலிருந்து அவரே எடுத்து என் காதில் வைப்பார். மழை பெய்தால் குடை விரிக்கக் கை வேண்டுமே என்று சந்தோஷப்பட்டால், “கொடு, நான் பிடிக்கிறேன்” என்று இன்னொரு கையால் குடையை வாங்கிக்கொள்வார். டீயை இடது கையால் குடிக்கப் பழகிவிட்டேன். ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் தீவு இது. பொழுது சாய்ந்தபிறகும் கை வந்தபாடில்லை. கைமாற்றாக வாங்கிய பணத்தைச் சொன்ன தேதிக்குத் திருப்பிவிடுகிற நாணயஸ்தர். கை விஷயத்தில்தான் இப்படி.

கேட்டால் தீவு வழக்கம் என்பார். தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர் என்பது அந்த நேரத்தில் மறந்துவிடும். யாரோ அவர் காதில் ராட்கிளிஃப்-பிரௌன் சமாசாரத்தை வேறு ஓதிவிட்டார்கள். 1906 முதல் 1908 வரை இங்கே வந்து பழங்குடிகளை ஆராய்ந்து, 1922-ல் புத்தகம் போட்ட வெள்ளைக்காரர் அவர். பல வாரம் பிரிந்திருந்த நண்பர்கள் சந்தித்தால் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுவார்களாம். பிரியும்போது ஒருவர் கையை மற்றவர் வாயருகே தூக்கி மெல்ல ஊதுவாராம். “பாத்தியா? மடியிலேயே உக்காந்திருக்கான். நான் வெறுங்கையத்தான பிடிக்கிறேன்?” என்கிறார் அண்ணன்.

அந்த அழுகை இரண்டு மூன்று நிமிடம்தான் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அழுது களைத்ததும் நிறுத்திவிடுவார்களாம். இதைச் சொன்னால் காதில் விழாது. இந்தத் தீவில் தொட்டுப் பழகாத சாதிசனம் யார்? பிரிவினைக்குப் பிறகு, 1949 முதல் வந்து குடியேறிய வங்காளிகள் விஜயதசமியன்று துர்க்கையைக் கரைத்துவிட்டு வந்து மாறி மாறித் தோள் சாய்த்துத் தழுவிக்கொள்வார்கள். மூன்று முறை, முடிந்தது, அப்புறம் இனிப்பு. 1921 மலபார் கலவரத்துக்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளை முஸ்லிம்களின் பேரன்கள் பெருநாள் தொழுகை முடிந்து கட்டிக்கொள்வார்கள். அதற்கும் கணக்கு உண்டு; அடுத்து பிரியாணி. அத்தனை பேர் வழக்கத்திலும் ஆரம்பத்தை மட்டும் அண்ணன் சுவீகரித்துக்கொண்டார். முடிவை ஒருவரிடமிருந்தும் வாங்கவில்லை.

2005-ல் டெக்சாஸ் பண்ணையில் ஜார்ஜ் புஷ், சவூதி இளவரசர் அப்துல்லாவின் கையைப் பிடித்தபடி நடந்தார். அமெரிக்காவில் அதை வைத்து எவ்வளவோ கேலி நடந்தது. அந்தப் போட்டோவை அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “விரல் கோக்கலையே” என்றார். இன்னொரு நாள் மெரினா பார்க்கில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி எங்கள் கோத்த கைகளைப் பார்த்து, ரொம்ப அழகான ஜோடி என்று இங்கிலீஷில் மனதாரப் பாராட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அண்ணன் “தேங்க்யூ, தேங்க்யூ” என்று சொல்லி அவர்களுக்கும் கை நீட்டினார். நல்லவேளை, இடது கையைத்தான் நீட்டினார் என்று சொல்ல ஆசை. நீட்டியது என் வலது கையையும் சேர்த்து.

சும்மா சொல்லக்கூடாது. ஊரில் அப்பா போய்விட்டார் என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தால் இந்தத் தீவில் ஒன்றும் செய்வதற்கில்லை. கப்பலென்றால் சென்னைக்கு மூன்று நாள். விமானம் மறுநாள்தான், அதிலும் இடம் கிடைத்தால். குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிற பையனுக்கு அந்த ராத்திரி ஒன்று இருக்கிறதே, அதற்கு அண்ணன்தான் வருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பையன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். சொடக்கெடுக்கமாட்டார், கடிகாரத்தைத் தொடமாட்டார். விமான நிலைய வாசலில் செக்யூரிட்டிக்காரர் டிக்கெட்டைக் காட்டச் சொல்லும்போதுதான் விடுவார். அப்படி ஒரு கைக்காக மற்ற நாளெல்லாம் என் விரல்கள் நொறுங்கினால் நொறுங்கட்டும் என்று தோன்றும்.

தோன்றிய மறுநாளே எரிச்சல் வந்துவிடும். தேனிலவுக்கு இங்கே கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் அப்படி ஒரு புது ஜோடி, மருதாணி கூட அழியாத கை, சுண்டு விரலைக் கோத்துக்கொண்டு போனார்கள். என் ஐந்து விரலையும் கோத்துக்கொண்டிருந்த அண்ணன் முகத்தைச் சுளித்து, “நாலு பேர் இருக்கிற எடத்துல என்ன தம்பி இது, காலம் கெட்டுப்போச்சு” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது, வெளியில் அண்ணியின் கையை அவர் பிடித்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆளாகிவிட்ட மகள் தோளில் கை போட்டதில்லை. இது எனக்குச் சிரிப்பாக இல்லை. ஊரில் இருக்கிற ஆம்பிளைக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறவர், சொந்த வீட்டு வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். அண்ணனும் நானும் வழக்கம்போலக் கை கோத்து முன்னால். நாலடி பின்னால் அண்ணி, இரண்டு கையிலும் பை. ஒன்றில் சூரை, ஒன்றில் தேங்காயும் காய்கறியும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பொறுக்கமாட்டாமல், “அண்ணே, அண்ணி கையில இருக்கிற பைய வாங்கிக்கோங்கண்ணே” என்றேன்.

“அட, ஆமால்ல!” என்று நின்றார். நிஜமாகவே வருத்தப்பட்ட முகம். காய்கறிப் பையை அண்ணியிடமே விட்டுவிட்டு, தண்ணீர் சொட்டுகிற மீன் பையை மட்டும் வாங்கினார். வாங்கி, சும்மா இருந்த என் இடது கையில் மாட்டினார்.

“வெயிட்டா இருக்கா தம்பி?” என்று ஓர் அழுத்து அழுத்தினார்.

பின்னாலிருந்து அண்ணி சொன்னார்: “இன்னொரு கை இருந்தா இதையும் பிடிங்க தம்பி.”